மெல்ல உலரும் பச்சை

எண்ணெய் வண்ண ஓவியம் என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது உயரமான ஜன்னல்கள் வைத்த ஒரு பெரிய அறையும், நாள் முழுவதும் வேறு கவலை இல்லாமல் தூரிகையோடு நிற்கிற ஒருவரும்தான். பதுளையிலிருந்து நமுனுகுல மலைப்பக்கம் ஏறும் ஸ்பிரிங்வெளி போன்ற தோட்டத்தில் ஒரு பாடசாலை ஆசிரியரோ, ஸ்டோரில் வேலை செய்பவரோ, வேலை முடித்து வந்து பிள்ளைகளுக்குச் சோறு போட்ட பிறகு ஒரு மணி நேரம் மிஞ்சுகிற ஒரு தாயோ இந்தக் கலையைத் தொட நினைத்தால், தமக்கு எட்டாததை எட்டிப் பிடிக்கப் பார்க்கிறார்கள் என்றே ஊர் எண்ணும். பென்சில் போதாதா, வாட்டர் கலர் போதாதா என்று கேட்பார்கள். உண்மையில், மற்ற எந்த வண்ணத்தையும்விட எண்ணெய் வண்ணமே இப்படிப்பட்டவருக்கு ஏற்றது. நேரம் துண்டு துண்டாகக் கிடைக்கிறவருக்கும், ஒரே இடத்தில் வருடக்கணக்காக வாழ்கிறவருக்கும் பொருந்தும்படியாகவே அந்தப் பொருளின் இயல்பு அமைந்திருக்கிறது. தோட்டத்தில் வாழும் பொழுதுபோக்கு ஓவியரிடம், வெளியூரிலிருந்து வந்து இந்த மலைகளை வரைந்துவிட்டுப் போனவர்களில் பெரும்பாலோரிடம் இல்லாத ஒன்றும் இருக்கிறது. அது இந்த மலையோடு சேர்ந்து உழைத்த அறிவு.

முதலில் பொருளின் இயல்பைப் பார்ப்போம். வாட்டர் கலரில் தண்ணீர் ஆவியாகிப் போனதும் வண்ணம் காய்ந்துவிடுகிறது. அக்ரிலிக்கும் தண்ணீர் போகப் போக அரை மணிக்குள் இறுகிவிடும். எண்ணெய் வண்ணம் அப்படிக் காய்வதில்லை. வண்ணப்பொடியோடு அரைத்துச் சேர்த்திருக்கும் ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனை உள்ளே இழுத்து, மெல்ல மெல்லக் கெட்டியான படலமாக மாறுகிறது. எல்லா எண்ணெய்க்கும் இந்தக் குணம் கிடையாது. நம் வீட்டுத் தேங்காய் எண்ணெயில் வண்ணப்பொடியைக் குழைத்தால் எத்தனை மாதம் வைத்தாலும் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும். ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணம், அம்பர் போன்ற மண்நிறமாக இருந்து மெல்லியதாகவும் பூசப்பட்டால், ஓரிரு நாளில் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரும். காட்மியம் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். முழுநேர ஓவியருக்கு இந்தத் தாமதம் ஒரு தொல்லை; ஒரே சமயத்தில் நாலைந்து படங்களைத் தொடங்கி வைத்துக்கொண்டு அவர் சமாளிப்பார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நேரம் கிடைப்பவருக்கோ அது கணக்காகப் பொருந்துகிறது. இந்த ஞாயிறு பூசிய அடிப்படலம் அடுத்த ஞாயிறு மேலே பூசத் தயாராக இருக்கும். தோட்டத்தில் ஒரு மலையில் கொழுந்து பறித்துவிட்டு, புதுத் தளிர் வந்ததும் ஏழெட்டு நாளில் அதே மலைக்குத் திரும்புகிறார்கள் அல்லவா, அந்தச் சுற்றும் இந்தச் சுற்றும் ஏறத்தாழ ஒன்றுதான். வாரம் முழுவதும் ஓவியர் வேறு வேலை செய்யும்போது படம் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

இந்தத் தாமதத்தால் வரும் இன்னொரு நன்மையை வின்ஸ்டன் சர்ச்சில் தெளிவாகக் கண்டார். 1915-ல், முதலாம் உலகப் போரின் டார்டனெல்ஸ் படையெடுப்பு தோற்றுப் பதவி போன வேளையில், நாற்பது வயதில்தான் அவர் தூரிகையைத் தொட்டார். பின்னர் 1921 டிசம்பரிலும் 1922 ஜனவரியிலும் 'ஸ்ட்ராண்ட்' சஞ்சிகையில் ஓவியப் பொழுதுபோக்கைப் பற்றிக் கட்டுரை எழுதினார். புதிதாகத் தொடங்குகிறவர்கள் எண்ணெய் வண்ணத்தையே எடுக்க வேண்டும் என்பது அதில் அவருடைய வாதம். தவறிய இடத்தைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி தொடங்கலாம், வாட்டர் கலர் அந்த மன்னிப்பைத் தருவதில்லை என்பது அவர் சொன்ன காரணங்களில் முக்கியமானது. காரணம் சரியானது, இன்றும் செல்லும். ஆனால் மலையகத்து வாசகர் இதோடு சேர்த்து நினைக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்தக் கட்டுரை அச்சானபோது சர்ச்சில் பிரித்தானியக் குடியேற்ற நாடுகளின் அமைச்சராக இருந்தார். இலங்கையும் அவருடைய பொறுப்பில் இருந்தது. தொழிலாளியைக் கடனால் தோட்டத்தோடு கட்டிவைத்த துண்டு முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டதும் அதே 1921-ல்தான். ஓய்வு நேரம் என்பது யாருக்கு எவ்வளவு பங்கிடப்பட்டிருந்தது என்பதை இந்த இரண்டும் பக்கத்தில் நின்று காட்டுகின்றன. ஆகவே தோட்டத்திலிருந்து ஒருவர் வண்ணம் தீட்ட உட்காரும்போது, அவருடைய முன்னோருக்கு மறுக்கப்பட்ட ஒரு நேரத்தையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறார். அதை வீண்பொழுது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்து, எதை வரைவது என்ற கேள்வி. இலங்கையின் காட்சிகளை வரைந்த வெளிநாட்டவர்கள் பலர். பீரங்கிப் படை அதிகாரி ஜோன் டெஷாம்ப்ஸ் 1845-ல் இலங்கைக் காட்சிகளை ஒரு தொகுப்பாகவே வெளியிட்டார். அயர்லாந்து ஓவியர் ஆண்ட்ரூ நிக்கல் 1840-களின் பிற்பகுதியில் கொழும்பில் ஓவியம் கற்பித்துக்கொண்டே தீவைச் சுற்றி வரைந்தார். எண்ணெய் வண்ணத்துக்கு மிக நெருக்கமான உதாரணம் மரியான் நோர்த். பெரிதாக ஓவியப் பயிற்சி பெறாத அந்த ஆங்கிலேயப் பெண் 1867-ல் ரொபர்ட் டௌலிங் என்ற ஓவியரிடம் எண்ணெய் வண்ணத்தின் அடிப்படையைக் கற்றுக்கொண்டார். பிறகு உலகம் முழுவதும் தனியாகப் பயணம் செய்து, செடிகொடிகளை அவை வளரும் இடத்திலேயே உட்கார்ந்து வரைந்தார். 1876-77 காலத்தில் இலங்கைக்கு வந்தார். களுத்துறையில் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரனின் வீட்டில் தங்கினார். பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்கு அருகே நின்ற தாளிப்பனையை வரைந்தார். 1882-ல் லண்டன் கியூ பூங்காவில் திறக்கப்பட்ட அவருடைய கூடத்தில் எண்ணூறுக்கு மேற்பட்ட படங்கள் இன்றும் சுவர் தெரியாதபடி நெருக்கமாகத் தொங்குகின்றன. படித்த ஓவியர் இல்லை என்ற குறை அவரைத் தடுக்கவில்லை. புகைப்படத்தைப் பார்த்து வரையாமல் பொருளின் எதிரே போய் உட்கார்ந்ததே அவருடைய பலம். இதை நம்மவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

எடுத்துக்கொள்ளக் கூடாதது ஒன்றும் அவரிடம் உண்டு. நோர்த் ஓர் இடத்தில் சிறிது காலம் இருந்துவிட்டு அடுத்த நாட்டுக்குக் கப்பல் ஏறியவர். அவர் கண்ணில் பட்டது செடி. அந்தச் செடிக்கு மேல் குனிந்து நின்ற ஆள் அரிதாகவே அவருடைய படத்துக்குள் வந்தார். வந்து போகிறவருக்கு மலை ஒரு காட்சி. அங்கே வாழ்கிறவருக்கு அது மூன்றாம் நம்பர் மலை, ஏழாம் நம்பர் மலை. ஒவ்வொன்றின் சரிவும் வழுக்கலும் காலுக்குத் தெரியும். ஒரு மலையில் தேயிலையின் மேல்மட்டம் ஏன் விரிப்பு விரித்ததுபோல் ஒரே சீராக இருக்கிறது என்பது மட்டக்கம்பு வைத்துப் பறித்தவருக்குத்தான் தெரியும். கவ்வாத்து வெட்டிய மலை முதலில் மண்ணும் குச்சியுமாகக் கிடந்து, பிறகு செந்தளிர் விட்டு, மாதங்கள் கழித்தே பச்சையாகிறது என்பதையும் அவர் அறிவார். ஓவியத்தின் உந்துதல் வானத்திலிருந்து இறங்கி வருவது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. நல்ல நிலக்காட்சி ஓவியர்களின் வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. ஜோன் கொன்ஸ்டபிள் 1821-22-ல் லண்டன் ஹாம்ஸ்டெட் மேட்டிலிருந்து மேகங்களை மட்டும் எண்ணெய் வண்ணத்தில் திரும்பத் திரும்பத் தீட்டி, பல தாள்களின் பின்புறம் தேதியையும் நேரத்தையும் காற்றின் திசையையும் குறித்து வைத்தார். போல் செசான் தன் ஊரின் சென்ட் விக்டோயர் மலையை முப்பது தடவைக்கு மேல் எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்ததில்தான் இருவருக்கும் புதுமை கிடைத்தது. நமுனுகுலவைக் காலையும் மாலையும் பார்க்கிற ஒருவருக்கு அந்த வாய்ப்பு பிறவியிலேயே அமைந்திருக்கிறது.

பதுளை இருக்கும் ஊவாவின் நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர் முதலில் தோற்பது இங்கேதான். குழாயிலிருந்து பிதுக்கிய பச்சையைத் தேயிலை மலை முழுக்கப் பூசினால் பிளாஸ்டிக் புல்தரைதான் வரும். தேயிலையின் பச்சை ஒன்றல்ல. கொழுந்து மஞ்சள் கலந்த இளம்பச்சை; அடியிலுள்ள முற்றின இலை கருநீலம் கலந்த கரும்பச்சை; இலையின் மேற்பரப்பு மினுமினுப்பானது என்பதால் வானம் தெளிந்திருக்கும் நேரம் மலை முழுவதும் ஒரு சாம்பல் வெண்மை படர்ந்து தெரியும். நிழல் மரங்களின் இலை வெள்ளி பூசியதுபோல் இருக்கும். மேலே பத்தனைப் புல்வெளி வருடத்தில் பாதிக்காலம் பழுப்பு. ஊவாவின் மழைக்கணக்கும் நாட்டின் மேற்குப் பக்கத்திலிருந்து வேறுபட்டது. வடகீழ்ப் பருவக்காற்று வருகிற ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரை நனைகிறது. நுவரெலியாவுக்கு மறுபக்கத்தில் மழை பெய்யும் ஜூன் முதல் செப்டம்பர் வரையான காலத்தில், மலையைத் தாண்டி இறங்கும் காற்று ஈரத்தை இழந்து வறண்ட கச்சானாக இங்கே வீசுகிறது. அந்த வறட்சியில் செடி வாடி வதங்குவதால்தான் ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பேர்போன அந்தத் தனி வாசனை ஏறுகிறது. அந்த மாதங்களில் தூரத்து மலைகளின் நீலமும் மாறுகிறது. காற்றில் ஈரம் குறைவதால் ஓரங்கள் கூர்மையாகத் தெரிகின்றன. மழைக்காலத்தில் அதே மலை மூன்று நான்கு சாம்பல் அடுக்குகளாகக் கரைந்து நிற்கும். இரண்டும் ஒரே இடம் என்பதைப் படத்தில் காட்டத் தெரிந்தவர் கைதேர்ந்தவர்.

இத்தனை நிறங்களுக்கும் எத்தனை குழாய் வாங்குவது, கட்டுப்படியாகுமா என்று கேட்பது நியாயம். 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. தரமான ஒரு சிறு காட்மியம் குழாய்க்கே அது போதாது. ஆனால் எண்ணெய் வண்ணத்தில் விலை கூடியது சில நிறங்கள் மட்டுமே. மண்ணிலிருந்து வரும் ஓக்கர் மஞ்சள், அம்பர், சியென்னா ஆகியவையும் கறுப்பும் மலிவானவை. சூரிய ஒளியில் மங்காதவை. சுவீடன் ஓவியர் அண்டர்ஸ் சோர்ன் வெள்ளை, ஓக்கர், ஒரு சிவப்பு, கறுப்பு என்ற நான்கு நிறங்களுக்குள்ளேயே பெரும்பாலும் வேலை செய்தவர் என்று பெயர் பெற்றவர். தேயிலை மலைக்கு இது எவ்வளவு பொருந்தும் என்பதைக் கலந்து பார்த்தால்தான் தெரியும். கறுப்போடு ஓக்கர் மஞ்சளைக் கலந்தால் கிடைப்பது முற்றின தேயிலை இலையின் பச்சையேதான். அதில் கொஞ்சம் வெள்ளை சேர்த்தால் வானம் படிந்த மேல்மட்டம். சிவப்பைத் துளி தொட்டால் பத்தனைப் பழுப்பு. கூடவே ஓர் அல்ட்ராமரின் நீலம் வாங்கிவிட்டால் தூரத்து மலைகளும் வந்துவிடும். ஐந்து குழாய்கள், சிக்கனமாக வைத்தால் ஒரு வருடத்துக்குமேல் வரும். நிறம் குறைந்தால் படம் சோபை இழக்கும் என்று பயப்பட வேண்டாம். அதே சில நிறங்களிலிருந்து எல்லாம் பிறப்பதால் படத்தின் பகுதிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும்.

ஈரம் பற்றிய கவலையும் உண்மையானதே. மழை மாதங்களில் எண்ணெய் வண்ணம் உலரக் கூடுதல் நாட்கள் எடுக்கும்; கன்வஸ் துணி ஈரத்தை உறிஞ்சித் தளரும்; பின்புறம் பூஞ்சணம் பூக்கும். சுவரிலிருந்து விலக்கி வைப்பதும், துணிக்குப் பதிலாக இருபக்கமும் பூச்சுக் கொடுத்த ஹார்ட்போர்ட் பலகையில் வரைவதும் பெரும்பகுதியைத் தீர்க்கும். அடிப்படலத்தில் எண்ணெய் குறைவாகவும் மேலே போகப் போகக் கூடுதலாகவும் இருக்க வேண்டும் என்பது எங்கும் பொருந்தும் பழைய விதி. மாறிச் செய்தால் கீழ்ப்படலம் இளகியிருக்கும்போதே மேற்படலம் இறுகி, பிறகு வெடிக்கும். இவற்றைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று இருக்கிறது. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டி ஒரு மூலையில் போட்டால், அவை காற்றோடு சேர்ந்து தாமாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவில், விறகடுப்பு எரியும் வீட்டில் இது உயிர்ப் பிரச்சினை. துணியைத் தண்ணீரில் நனைத்தோ, வெளியே தனித்தனியாக விரித்துக் காயவைத்தோதான் எறிய வேண்டும். டர்பன்டைன் புகையும் மூடிய அறைக்கு ஆகாது. தூரிகையைச் சமையல் எண்ணெயால் துடைத்து, பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவினாலே போதும். இஸ்தோப்பில் உட்கார்ந்து வரைவது வெளிச்சத்துக்கும் நல்லது, நெஞ்சுக்கும் நல்லது.

கற்றுத்தர ஆள் இல்லையே என்பது அடுத்த தடை. எண்ணெய் வண்ணம் நம் பக்கம் வேரூன்றிய கதையே இதற்குப் பதில் சொல்லும். ரவி வர்மா திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்தபோது அங்கே எண்ணெய் வண்ணம் தெரிந்தவர் மதுரையிலிருந்து போன இராமசாமி நாயக்கர். அவர் இந்த இளைஞனுக்குத் தொழிலின் நுட்பத்தைச் சொல்லிக்கொடுக்க மறுத்தார். அவருடைய உதவியாளர் ஆறுமுகம் பிள்ளை இரகசியமாகச் சொல்லிக்கொடுத்ததாக ரவி வர்மாவின் வாழ்க்கையை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 1868-ல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் வந்தபோதும் பக்கத்தில் நின்று பார்க்க மட்டுமே அனுமதி கிடைத்தது. பார்த்துப் பார்த்து, தானே முயன்று, 1873-ல் சென்னைக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் வாங்கினார். இலங்கையில் 1943-ல் லயனல் வென்ட் வீட்டில் கூடித் தொடங்கிய 43 குழு என்ற ஓவியர் வட்டத்தில் ஜோர்ஜ் கிளாசன் இருந்தார். கொழும்புத் துறைமுகத்தில் வரைபடம் வரையும் உத்தியோகம் பார்த்துக்கொண்டு, ஓவியத்தைத் தானாகவே கற்றவர் அவர். பயிற்சி தேவையில்லை என்று இதிலிருந்து முடிவுகட்டிவிட முடியாது. ரவி வர்மாவுக்கு அரண்மனையின் ஆதரவும் ஓவியம் தெரிந்த தாய்மாமனின் துணையும் இருந்தன. கிளாசனுக்குத் தோழர்கள் இருந்தார்கள். தனியாக வரைகிறவர் எளிதில் விழுகிற குழியும் இருக்கிறது. பார்த்து வரைவது கடினமாகப் படுவதால், தேயிலைப் பெட்டியில் சிரிக்கிற பெண்ணையும் உல்லாசப் பயணிகள் எடுத்த தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தின் படத்தையும் போனிலிருந்து நகலெடுக்கத் தொடங்குவார். அந்தப் பாலம் 1921-லிருந்து அங்கே நிற்கிறது, அழகானதுதான். ஆனால் போன் படத்தில் நிழல்கள் வெறும் கறுப்பாகிவிடுகின்றன, வானம் வெளுத்துவிடுகிறது. நகலெடுப்பவர் அந்தக் குறையையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறார். கையில் அரை மணி நேரமே இருந்தாலும் வாசலில் உட்கார்ந்து எதிரே தெரிவதைச் சிறு அட்டையில் தீட்டுவது இதைவிடப் பல மடங்கு கற்றுத்தரும்.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு இனித்தான் வருகிறது. வீடும் காணியும் கூலியும் இன்னும் தீராத பிரச்சினைகளாக இருக்கும் ஒரு சமூகத்தில் ஓவியப் பொழுதுபோக்கைப் பற்றிப் பேசுவது பொருத்தமா? மலையகத்தின் கலை வரலாற்றைப் பார்த்தால் இந்தக் கேள்வியின் அடித்தளமே ஆடுகிறது. மாசி மாதத்தில் இரவுகள் தோறும் நடக்கும் காமன் கூத்தை ஆடியவர்கள் யாரும் முழுநேரக் கலைஞர்கள் இல்லை. பகலில் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்து வேலைக்குப் போனவர்கள்தான் இரவில் முகத்துக்கு வண்ணம் பூசி, முடி கட்டி, ரதியும் மன்மதனுமாக நின்றார்கள். பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் அப்படித்தான் தோட்டம் தோட்டமாக உயிர் வாழ்ந்தன. வேலைத்தளத்திலும் தாலாட்டிலும் பிறந்த பாடல்களைக் கவிஞர் சி.வி.வேலுப்பிள்ளை தேடிச் சேர்த்து வைத்ததால்தான் இன்று நாம் அறிகிறோம். வறுமை தீர்ந்த பிறகு கலை என்று அவர்கள் காத்திருந்திருந்தால் இந்தச் சமூகத்துக்கு நினைவென்று எதுவும் மிஞ்சியிருக்காது. கூத்துக்கும் பாட்டுக்கும் கிடைத்த அந்த இடம் தூரிகைக்குக் கிடைக்காமல் போனதற்குக் காரணம் ஆசைக் குறைவு அல்ல. பொருளும் பள்ளிக்கூட வசதியும் எட்டாமல் இருந்ததுதான். இந்த மக்களின் முகம் நெடுங்காலம் மற்றவர்களின் படங்களிலேயே தங்கியிருந்தது. களுத்துறையில் கமரன் எடுத்த புகைப்படங்களிலிருந்து இன்றைய விளம்பரப் பலகை வரை, எப்படித் தெரிய வேண்டும் என்பதைத் தீர்மானித்தவர் எதிர்ப்பக்கம் நின்றவர்.

இது மாறத் தொடங்கியிருக்கிறது. ஹட்டனைச் சேர்ந்த ஹனுஷா சோமசுந்தரம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை பயின்று, தோட்ட வாழ்வையே தம் படைப்புகளின் பொருளாக்கிக் கொழும்பின் காட்சிக்கூடங்கள் வரை கொண்டுபோயிருக்கிறார். பல்கலைக்கழகம் போகும் பாதை எல்லோருக்கும் வாய்க்காது. எல்லோரும் தொழில்முறை ஓவியராக வேண்டிய அவசியமும் இல்லை. பொழுதுபோக்கு ஓவியருக்கு விற்பனை என்ற நெருக்கடி கிடையாது என்பதால், வாங்குகிறவர் விரும்பாததையும் அவர் வரையலாம். மழையில் படங்கு கட்டிக்கொண்டு கொழுந்து எடுக்கிற வரிசை, நிறுவை நேரத்தில் தராசு முள்ளைப் பார்க்கிற கண்கள், லயத்துக் கூரைத் தகரத்தின் துரு ஆகியவை வரவேற்பறைச் சுவருக்கு எவரும் கேட்டு வாங்குகிற விஷயங்கள் அல்ல. அந்தத் துருவின் சிவப்பு பச்சை மலைக்கு எதிரே வைத்தால் எவ்வளவு எழும்பும் என்பது வண்ணம் கலந்தவருக்குத் தெரியும். கொழும்பில் பார்ன்ஸ் பிளேஸில் ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு இன்று சபுமல் மன்றமாக இருக்கிறது. 43 குழுவினரின் அசல் படங்களை அங்கே கிட்டத்தில் நின்று, தூரிகைத் தடம் தெரியப் பார்க்கலாம். ஏதோ ஒரு வேலையாகக் கொழும்பு போகிறவர் ஒரு மணி நேரம் அங்கே ஒதுக்கினால் அச்சுப் படங்கள் சொல்லாத பலதைத் தெரிந்துகொள்வார். வரைந்து முடித்த படங்களைத் தோட்டப் பாடசாலைச் சுவரிலோ கோயில் மண்டபத்திலோ வாசிகசாலையிலோ முதலில் மாட்ட வேண்டும். கூடைக் கயிறு நெற்றிக்கு மேலே எந்த இடத்தில் படியும், கவ்வாத்து வெட்டிய கிளை எந்தப் பக்கம் சரிந்திருக்கும் என்று அங்கே பார்க்க வருகிறவர்களுக்குத் தெரியும். தப்பாக இருந்தால் படத்தின் முன்னாலேயே நின்று சொல்லிவிடுவார்கள்.